விளக்கடி இருள்: ‘இயற்கை’, ‘கைவினை’ என்னும் சொற்களுக்குப் பின்னால் யார்?

இப்பதிவு நீளமானது. வடிவமைப்புக் கல்வி, கலை வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், தொழிலாளர் ஆய்வு ஆகிய துறைகளில் இயங்கும் நண்பர்களும் மாணவர்களும் இறுதிவரை வாசித்து, மறுப்பு இருப்பின் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

சென்ற மாதம் வட இந்தியாவின் வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஒன்றில் நடைபெற்ற மாணவர் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். நுழைவாயிலை அடுத்த கூடத்தில், கறுப்புத் துணி விரித்த பீடத்தின்மேல் ஒரு கண்ணாடி விளக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாதி விரிந்த தாமரையின் வடிவம். இதழ்களின் அடியில் அடர்ந்த இளஞ்சிவப்பு. நுனியை நோக்கிச் செல்லச் செல்ல நிறம் வெளிறி, விளிம்பில் ஒளி மட்டுமே எஞ்சியது. அழகான விளக்கு. இதைச் சொல்லித் தொடங்குவதே முறை. என் வழக்கு விளக்கோடு இல்லை. அதன் கீழே வைக்கப்பட்டிருந்த அட்டையோடு.

அட்டையில் நான்கு வரிகள் இருந்தன. முதலில் விளக்கின் பெயர். அடுத்து வடிவமைத்த மாணவரின் பெயர். அடுத்து நெறியாளரின் பெயர். இறுதியில், ‘இயற்கையிலிருந்தும் ஃபிரோசாபாத் கைவினை மரபிலிருந்தும் அகத்தூண்டல் பெற்றது’ என்றொரு வாக்கியம். பின்சுவரில் ஆளுயரப் புகைப்படம் ஒன்று: ஊதுகுழலை உருட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கைகளை நான் அறிவேன். இடக்கைப் பெருவிரலின் அடியில் உள்ள தீத்தழும்பைக் கண்டதும் உறுதியாயிற்று. ஆக்ராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபிரோசாபாத்தில் என் களப்பணி நடைபெறும் உலைக்கூடத்தில், மூத்த வினைஞர் என்பதால் எல்லோரும் ‘உஸ்தாத்’ என்றழைக்கும் ஒருவருடைய கைகள் அவை. அந்த விளக்கு உருவான நாள்களில் நான் அங்கே இருந்தேன். ஆகவே நடந்ததைச் சொல்ல முடியும்.

மாணவர் கொண்டுவந்த வரைபடத்தில் தாமரையின் அடி மிகக் கனமாகவும் இதழ் நுனி தாள்போல் மெல்லியதாகவும் இருந்தன. கண்ணாடியில் மெல்லிய பகுதி விரைவில் ஆறும். கனத்த பகுதி ஆற நேரம் எடுக்கும். இரண்டுக்கும் இடையே உள்ளிறுக்கம் தங்கிவிட்டால், மெல்ல ஆறவைக்கும் சூளையிலிருந்து எடுத்த பிறகும் பொருள் தானே விரிசலிடும். முதல் மூன்று விளக்குகள் அவ்வாறே உடைந்தன. நான்காம் முயற்சியின்போது உஸ்தாத் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அடியின் கனத்தைக் குறைத்தார். இதழ்களைத் தனித்தனியே செய்து ஒட்டுவதைக் கைவிட்டு, ஒரே ஊதலில் எழுந்த குமிழைச் சூடு ஆறுமுன் இடுக்கியால் கிள்ளி இழுத்து இதழ்களாகப் பிரித்தார். வரைபடம் இதழ் முழுவதற்கும் ஒரே நிறத்தைக் கேட்டிருந்தது. அவரோ வெண்கண்ணாடிக்குமேல் சிவப்புக் கண்ணாடியை மெல்லிய போர்வையாக எடுத்து ஊதினார். குமிழ் விரிய விரியப் போர்வை மெலிந்தது. மெலிந்த இடத்தில் நிறம் வெளிறியது. கண்காட்சியில் பார்வையாளர்கள் வியந்து நின்ற அந்த நிறச்சரிவு அவ்வாறு பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெய்யான செந்தாமரையில் நிறம் அடர்ந்திருப்பது பெரும்பாலும் இதழின் நுனியில், அடி வெளிறியிருக்கும். விளக்கில் இது தலைகீழாக இருக்கிறது. எனவே அந்த அழகு குளத்திலிருந்து வரவில்லை; வரைபடத்திலிருந்தும் வரவில்லை. சூடான கண்ணாடி எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அறிந்த ஒரு மனிதரின் முடிவிலிருந்து வந்தது. பாதி விரிந்த தாமரையை விளக்காக்கலாம் என்ற எண்ணம் மாணவருடையது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்விளக்கை வடிவமைத்தோர் இருவர். ஒருவரின் பெயர் அட்டையில் இருக்கிறது. மற்றவர் ‘மரபு’ ஆகிவிட்டார்.

என் குற்றச்சாட்டு இதுதான்: ‘இயற்கை’, ‘கைவினை’ என்னும் இரு சொற்களும் இன்றைய வடிவமைப்புத் துறையில், ஒரு மனிதரின் சிந்தனையை எவருக்கும் உரிமையற்ற மூலப்பொருளாக மாற்றும் வேலையைச் செய்கின்றன. மலர் கையொப்பம் கேட்காது, மரபும் கேட்காது. எனவே அவற்றிடமிருந்து ‘அகத்தூண்டல்’ பெறலாம். கூலிக்கு வேலை செய்யும் ஒருவரிடமிருந்து எடுத்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

*

இச்சொற்கள் இந்த வேலைக்காகப் பிறந்தவை அல்ல என்பதுதான் வேதனை. ஜான் ரஸ்கின் ‘வெனிஸின் கற்கள்’ நூலின் இரண்டாம் தொகுதியை 1853இல் வெளியிட்டார். அதில் ‘கோதிக்கின் இயல்பு’ என்னும் அத்தியாயத்தில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று கண்ணாடி மணி. கண்ணாடியை நீண்ட கோல்களாக இழுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, உலையில் உருட்டி மணியாக்குகிறார்கள். வெட்டுபவர் நாள் முழுவதும் கை நடுங்க நடுங்க ஒரே அசைவைச் செய்துகொண்டிருக்கிறார். அவ்வேலையில் அவருடைய அறிவுக்குச் சிறிதும் இடமில்லை. ஆகவே கண்ணாடி மணி வாங்குவோர் அடிமை வாணிகத்தில் பங்கு கொள்கின்றனர் என்று ரஸ்கின் வாதிட்டார். செய்பவரின் கற்பனைக்கு இடம் தரும் கண்ணாடிக் கலங்களை, அவை சற்றுக் கோணலாக இருப்பினும் வாங்குங்கள் என்றார். இயற்கை வடிவங்களின் ஒழுங்கின்மையை அவர் போற்றியதும் இக்காரணம் பற்றியே: வரைந்து கொடுத்ததை அச்சாக எடுக்காமல், செய்கிறவரே பார்த்து, நினைத்துச் செய்த தடயம் அதில் இருக்கிறது.

அதாவது, இயற்கையையும் கைவினையையும் இணைத்த வாதம் தொடக்கத்தில் உழைப்பின் விடுதலை பற்றிய வாதம். வில்லியம் மோரிஸ் 1892இல் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் அந்த ஒரே அத்தியாயத்தைத் தனி நூலாக அச்சிட்டபோதும் அதை அவ்வாறே வாசித்தார். இன்று நம் மாணவர்கள் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்தில் ரஸ்கினையும் மோரிஸையும் குறிப்பிடுகின்றனர். அதே அறிக்கையின் இறுதிப் பக்கத்தில் கைகளின் படத்தை மணிக்கட்டோடு வெட்டி ஒட்டுகின்றனர்.

*

அதே 1892இல்தான் நியூயார்க்கில் லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் நிறுவனத்தில் பெண்களுக்கான கண்ணாடி வெட்டும் பிரிவு உருவாயிற்று. ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்த கிளாரா டிரிஸ்கால் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். உலகெங்கும் ‘டிஃபனி விளக்கு’ என்றே அறியப்படும் பொருளின் வரலாற்றை நம் வகுப்பறைகளில் நெடுங்காலம் ஒரே பெயரால் சொல்லிவந்தோம்: இயற்கையை நேசித்த டிஃபனி, தம் தோட்டத்து மலர்களைக் கண்ணாடியில் பெயர்த்தார் என்று.

அவ்விளக்குகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதைப் பார்த்தாலே இக்கதை ஆட்டம் காணும். ஒரு கவிகைக்குத் தேவையான சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, மர அச்சின்மேல் அடுக்கி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் இணைப்பார்கள். விஸ்டீரியா விளக்கு ஒன்றில் ஏறக்குறைய 2000 துண்டுகள். வரைபடம் துண்டுகளின் உருவத்தைச் சொல்லும். ஆனால் ஒரே பலகைக் கண்ணாடியிலேயே பால்நிறம், நீலம், கருநீலம் எல்லாம் கலந்து ஓடும்போது, எந்தத் துண்டை அதன் எந்த இடத்திலிருந்து வெட்டுவது? வெளிச்சத்துக்கு எதிரே பலகையைப் பிடித்துப் பார்த்து, ‘இந்த நிழல் இந்த இதழுக்கு’ என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். ஒரே வரைபடத்தில் செய்த இரு விளக்குகள் இருவேறு பருவங்கள்போல் தோன்றுவது இத்தீர்மானங்களால்தான். இதை ‘நிறைவேற்றுதல்’ என்றும் வரைபடத்தை மட்டும் ‘வடிவமைப்பு’ என்றும் பிரிப்பவர், கண்ணாடி விளக்கு என்பது ஒளி ஊடுருவும் பொருள் என்பதையே மறந்தவர்.

ஆனால் கிளாராவின் பங்கு தேர்வோடு நிற்கவில்லை, வரைபடங்களே அவருடையவை. தும்பி விளக்கு, விஸ்டீரியா விளக்கு முதலிய பலவற்றை அவரே வடிவமைத்தார். தும்பி விளக்கு 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. 1904இல் ஒரு நியூயார்க் நாளிதழ், அமெரிக்காவில் மிகுந்த ஊதியம் பெறும் பெண்களுள் ஒருவர் என அவரைக் குறிப்பிட்டது. ஆக, அவர் காலத்தில் அவர் முற்றிலும் அறியப்படாதவர் அல்லர். அறியப்பட்டவரைப் பிறகு மறந்தார்கள். மறப்பதற்கு வசதியாகப் பொருள்களின்மேல் ஒரே பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

அவர் தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய மடல்கள் ஒரு பகுதி ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மறுபகுதி நியூயார்க்கின் குவீன்ஸ் வரலாற்றுக் கழகத்திலும் கிடந்தன. மார்ட்டின் ஐடெல்பெர்க், நினா கிரே ஆகிய ஆய்வாளர்கள் அவற்றின் பொருளை 2005 அளவில் உணர்ந்த பின்னரே, மார்கரெட் ஹோஃபருடன் இணைந்து, நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் 2007ஆம் ஆண்டுக் கண்காட்சி சாத்தியமாயிற்று. ஒரு குடும்பத்துக்குள் மடல் எழுதும் பழக்கம் இருந்தது. அம்மடல்களை எவரோ எரிக்காமல் வைத்திருந்தனர். அதனால் நமக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஃபிரோசாபாத்தின் உலைக்கூடங்களில் பணிபுரிவோர் வீட்டுக்கு அன்றாடம் மடல் எழுதுவதில்லை. அவர்களுக்கான 2005 எப்போது வரும்?

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஃபனியின் அப்பிரிவில் மணமான பெண்களுக்கு இடமில்லை. கிளாரா முதல் திருமணத்தின்போது வேலையை விட்டார். கணவர் இறந்தபின் திரும்பினார். 1909இல் மறுமணம் செய்தபோது அந்த வாழ்க்கை முடிந்தது. 1903இல் ஆண் கண்ணாடித் தொழிலாளர்களின் சங்கம் பெண்கள் பிரிவுக்கு எதிராக வேலைநிறுத்த அச்சுறுத்தல் விடுத்தது. அதன் முடிவில் அப்பிரிவின் பெண்கள் எண்ணிக்கை 27க்கு மேல் போகக்கூடாது என்று உடன்பாடு காணப்பட்டது. முதலாளி மட்டுமே பெயர்களை அழிக்கிறார் என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதியானது; உண்மை அவ்வளவு வசதியானதன்று.

ஃபிரான்சின் நான்சி நகரத்து எமில் காலே கதையும் இதற்குத் துணைநிற்கும். காலே மெய்யாகவே தாவரவியல் பயின்றவர். காளான் வடிவ விளக்கைச் செய்தவர். செடிகளைப் பற்றி அவரளவு அறிந்து கண்ணாடியில் இறங்கியவர் சிலரே. அவர் 1904இல் இறந்தார். தொழிற்சாலை நிற்கவில்லை. சில காலம் அவர் பெயருக்கு அருகில் ஒரு சிறு நட்சத்திரம் பொறித்து ‘காலே’ கண்ணாடிகள் வெளிவந்தன. நட்சத்திரம் மறைந்த பின்னரும் அப்பெயரில் உற்பத்தி தொடர்ந்தது. இறந்தவர் கையொப்பமிட்டுக்கொண்டே இருந்தார். உயிருடன் வேலை செய்தவர்கள் கையொப்பமிடவில்லை.

*

‘இது மேற்கத்தியச் சிக்கல், இந்தியக் கைவினைஞர் என்றுமே பெயரை நாடியதில்லை, பெயரின்மைதான் நம் மரபின் மேன்மை’ என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதைச் சொல்வோர் பெரும்பாலும் ஆனந்த குமாரசுவாமியைத் துணைக்கழைப்பர். 1909இல் வெளிவந்த ‘இந்தியக் கைவினைஞர்’ உள்ளிட்ட தம் எழுத்துகளில், தனிமனிதப் புதுமையைவிட மரபின் ஒழுங்கையே அவர் உயர்த்திப் பேசினார் என்பது மெய். ஆலைப்பொருள் வெள்ளமாக வந்து இறங்கிய குடியேற்ற ஆட்சிக் காலத்தில், கைவினைஞரைக் காக்கும் கேடயமாக அவ்வாதம் எழுந்தது. இலங்கைத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவ்வறிஞர்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. அவருடைய கேடயம் இன்று எவர் கையில், எவருக்கு எதிராக இருக்கிறது என்பதே என் வினா.

முதலில், வரலாற்றுச் செய்தியாகவே இது பிழை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரைச் சொல்கிறது. பட்டடக்கல் விரூபாட்சர் கோயிலில் அதைக் கட்டிய குண்டன் அநிவாரிதாசாரியின் பெயர் இருக்கிறது. ஹொய்சளக் கோயில்களில் சிற்பிகள் தாம் செதுக்கிய உருவங்களின் அடியிலேயே பெயர் பொறித்தனர். மல்லிதம்மா என்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட கோயில்களில் அவ்வாறு செய்திருக்கிறார். முகலாய ஓவியச் சுவடிகளின் ஓரத்தில் கோடு வரைந்தவர் இவர், நிறம் தீட்டியவர் இவர் என்று தனித்தனியே குறித்த எழுத்தர்கள் உண்டு. அக்பரின் அரண்மனைக் கூடம் ஓர் ஓவியத்தில் இருவரின் பங்கைப் பிரித்து எழுத முடிந்ததை, இருபத்தோராம் நூற்றாண்டின் கல்வி நிறுவனம் ஒரு விளக்கின் அட்டையில் செய்ய இயலவில்லை.

அடுத்து, நேர்மையின் அளவுகோல் ஒன்று. பெயரின்மை மேன்மை எனில் அது எல்லோருக்கும் மேன்மையாக இருக்க வேண்டும். குமாரசுவாமியை மேற்கோள் காட்டும் நெறியாளர் முதலில் தம் பெயரை அட்டையிலிருந்து எடுக்கட்டும். பிறகு நாம் மரபைப் பற்றிப் பேசலாம்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம், பிரிவு 2(ஜே)இன்படி, ஒருவர் உரிய பிரதிபலன் பெற்றுக்கொண்டு மற்றொருவருக்காக ஒரு வடிவமைப்பை உருவாக்கினால், யாருக்காக உருவாக்கினாரோ அவரே உரிமையாளர். பதிவு பெற்ற உரிமை முதலில் 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பாளி என்று உரிமை கோரும் சிறப்புரிமையை அளிக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அது நீங்காது. விஞ்ஞான் பவனின் சுவரோவியச் சிற்பம் சிதைக்கப்பட்ட வழக்கில் அமர்நாத் சேகலுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் நீதி வழங்கியது அப்பிரிவின் வலிமையால்தான். ஆனால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்று, பதியப்படாத நிலையில் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கப்பட்டால் அதன் பதிப்புரிமையே முடிந்துவிடும் என்கிறது. சிற்பிக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. நாளொன்றுக்குப் பல விளக்குகள் ஊதுபவருக்கு அது ஏறக்குறைய மூடப்பட்டிருக்கிறது.

‘புவிசார் குறியீடு இருக்கிறதே’ என்பர். ஃபிரோசாபாத் கண்ணாடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் உண்டு. ஆனால் 1999ஆம் ஆண்டின் அச்சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறது, ஆளின் பெயரையன்று. மேலும் அச்சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்பதற்குத் தரும் வரையறையில், கைவினைப் பொருளைச் செய்பவரோடு அப்பொருளின் வாணிகத்தில் ஈடுபடுபவரும் அடங்குவர். உலையின் முன் நிற்பவரும் கிடங்கின் சாவியை வைத்திருப்பவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றனர்.

சட்டம் மாற நாளாகும். அட்டை மாற நாளாகாது. அதனால்தான் நான் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தை நோக்கி எழுதுகிறேன்.

*

எதிர்வாதங்கள் மூன்றை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: டிஃபனி இல்லாவிட்டால் அந்த விளக்கே இல்லை, முதலீடும் பார்வையும் அவருடையவை. ஒப்புக்கொள்கிறேன். ஒரு திரைப்படத்தில் ஒளிப்பதிவாளரின் பெயரைப் போடுவதால் இயக்குநரின் பெயர் அழிந்துவிடுவதில்லை. நான் கேட்பது பெயர் நீக்கம் அன்று, பெயர்ச் சேர்க்கை.

இரண்டாவது: கிளாராவை மீட்டெடுப்பதும் இன்னொரு தனிநபர் வழிபாடுதானே, அவருடன் பணிபுரிந்த மற்றப் பெண்களும், பற்றாசு வைத்த ஆண்களும், வெண்கல அடித்தண்டு வார்த்தவர்களும் எங்கே? இது வலுவான வாதம். கண்ணாடியையே எடுத்துக்கொண்டாலும், டிஃபனியின் புகழ்பெற்ற ‘ஃபாவ்ரீல்’ கண்ணாடியின் பின்னணியில் ஆர்தர் நாஷ் என்னும் ஆங்கிலேயக் கண்ணாடி வல்லுநரின் கலவைக் குறிப்புகள் இருந்தன. ஆனால் இவ்வாதத்திலிருந்து வர வேண்டிய முடிவு ‘எனவே எவர் பெயரும் வேண்டாம்’ என்பது அன்று. பட்டியல் நீளட்டும். அட்டையில் இடமில்லை எனில் அட்டையைப் பெரிதாக்குங்கள்.

மூன்றாவது வாதம் எனக்கு நெருக்கமான இடதுசாரி நண்பர்களிடமிருந்து வரும்: பெயர் சோறு போடாது, கூலியும் பணிப்பாதுகாப்பும்தான் முதன்மை. வளையல்களின் முனைகளைச் சுடரில் காட்டி இணைக்கும் பெண்கள் வீட்டின் ஒற்றையறையில் புகையோடு வாழும்போது, நீ விளக்கின் அட்டையைப் பற்றி எழுதுகிறாயே என்பர். இவ்வினா என்னை உறுத்துகிறது. எனினும் கூலியும் பெயரும் வெவ்வேறு வழக்குகள் அல்ல. ‘நீ செய்தது வெறும் கைவேலை’ என்ற மதிப்பீட்டின்மேல்தான் கைவேலைக்கான கூலி நிற்கிறது. வடிவமைப்பாளருக்கு ஒரு விகிதம், ஊதுபவருக்கு ஒரு விகிதம் என்று பிரிப்பதற்கான அறிவுசார் நியாயத்தை வழங்குவது யார்? அட்டை எழுதும் நாம்தான்.

*

இனி எனக்கே கடினமான பகுதி. கண்காட்சியிலிருந்து திரும்பியதும் ஃபிரோசாபாத் சென்றேன். கைப்பேசியில் எடுத்த அந்தப் புகைப்படத்தைக் காட்டி, “உஸ்தாத், உங்கள் பெயரைப் போடச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதட்டுமா?” என்று கேட்டேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். தம் கைகளை அவ்வளவு பெரிதாக அவர் கண்டதில்லை. பிறகு, “வேண்டாம் பேட்டா” என்றார். காரணத்தைக் கேட்டபோது அவர் மரபைப் பற்றியோ தன்னடக்கத்தைப் பற்றியோ பேசவில்லை. “ஆலைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. நான் ஒப்பந்தக்காரரின் ஆள். டெல்லியில் ஒரு சுவரில் என் பெயர் வந்தால், இவன் எத்தனை ஆண்டாக இங்கே வேலை செய்கிறான் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட என்னை அனுப்பிவிடுவது அவர்களுக்கு எளிது.”

நாம் கருத்தரங்குகளில் கொண்டாடும் பெயரின்மையின் உண்மையான உள்ளடக்கம் இது. பதிவேட்டில் இல்லாத பெயரை அட்டையில் எழுத முடியாது. அட்டையில் எழுதப்படாத பெயருக்குப் பதிவேட்டில் இடம் கேட்க ஆளில்லை. ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் இரு கதவுகள். இப்பதிவிலும் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுவே. அவர் சொல்லை மீற எனக்கு உரிமையில்லை.

என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். சென்ற ஆண்டு நான் வெளியிட்ட கட்டுரையில் நிறக்கலவை பற்றிய ஒரு பத்தி முழுவதும் அவர் சொல்லித் தந்தது. அங்கே அவர் ‘தகவலாளி 7’. ஆய்வு நெறிக்குழுவின் படிவம் எல்லோரையும் மறைக்கச் சொல்கிறது. நான் சிந்திக்காமல் மறைத்தேன். அவருக்குத் தீங்கு வரக்கூடும் என்று எண்ணி மறைத்திருந்தால் அது பொறுப்பு. படிவத்தில் அப்படி இருந்ததால் மறைத்தது சோம்பல். அவரிடம் நான் கேட்கவே இல்லை. தமிழ் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் என்று பெயர், வயது, ஊர் குறிக்கும் வழக்கம் உண்டு. பின்னிணைப்பில் தள்ளியதற்காக அதைக் குறைகூறலாம். ஆனால் கதை சொன்ன பாட்டிக்குப் பெயர் உண்டு என்றேனும் அவ்வாய்வேடுகள் ஒப்புக்கொண்டன.

ஆகவே நான் முன்வைக்கும் நெறி எளியது: சாட்சியத்துக்கு மறைவு, ஆக்கத்துக்குப் பெயர். ஒருவர் தம் கூலி, முதலாளி, நோய் பற்றிச் சொன்னால் அவரைக் காப்பாற்ற மறைப்போம். ஒருவர் ஒரு வடிவத்தை, ஒரு நிறத்தை, ஒரு தீர்வை உருவாக்கினால் அவர் பெயரை எழுதுவோம். எழுதுமுன் அவரையே கேட்போம். இரண்டும் மோதும்போது, உஸ்தாத்தின் வழக்கில் நடந்ததுபோல், பெயரை மறைத்து, மறைத்த காரணத்தை எழுதுவோம்.

வடிவமைப்புத் துறை மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் திட்ட அறிக்கையில் ‘அகத்தூண்டல்’ என்று எழுதும் இடத்தில் நின்று, எந்த முடிவை யார் எடுத்தார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்: உருவம், கனம், நிறம், இணைப்பு, உடைந்தவை, உடைந்தபின் மாற்றியது யார். கைகளை மட்டும் படமெடுக்காதீர்கள். முகத்தைக் காட்ட அவர் விரும்பவில்லையெனில் அதையும் குறிப்பிடுங்கள். பரிசோ காப்புரிமைத் தொகையோ வந்தால், பங்கு பற்றிய உடன்பாட்டை உலைக்குச் செல்லுமுன்னரே எழுத்தில் செய்துகொள்ளுங்கள். நெறியாளர்களிடம் ஒரே வேண்டுகோள்: இவை இல்லாத அறிக்கைக்கு மதிப்பெண் வழங்காதீர்கள்.

அந்தத் தாமரை விளக்கைச் செய்த மாணவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு எவரும் வேறுவிதமாகக் கற்றுத்தரவில்லை. இப்பதிவை அவர் வாசிப்பார் என்று நம்புகிறேன். அட்டையை மாற்ற அவர் முன்வந்தால், நான்காம் வரிக்குப் பதிலாக எழுதத்தக்கது இது:

‘இதழ்களின் உருவம், நிறச்சரிவு, ஊதல்: ஃபிரோசாபாத்தைச் சேர்ந்த மூத்த வினைஞர் ஒருவர். பெயர் வெளியிடப்படவில்லை. அவர் பணிபுரியும் ஆலையின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்பதே காரணம்.’